சக்கரம் மாட்டியது யார் கை

1. மாவும் நாயும்

காளி தெரபி மாவை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. விரல்களுக்குப் பலம் வர நோயாளிகளைப் பிசையச் சொல்லும் பச்சை நிற மாவு அது. எங்களிடம் இருந்ததே அந்த ஒரு டப்பாதான். நானும் ஆயாவும் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்தோம். நாய் ஜெயித்தது.

திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

“இன்னாம்மா இது? நா இன்னா பொம்பளையா, குந்திக்கினு மாவு பெசையறதுக்கு?” என்றார் காளி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அது மாறவில்லை. “எங்க வூட்ல எங்கப்பாதான் சப்பாத்திக்கு மாவு பெசைவாரு. அவரு ஆம்பளதான்” என்றேன்.

காளி வலது கையை இடது கையால் தூக்கி, யாரோ ஒருவருடைய பொருளை எடுத்து வைப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சந்தவாசல் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சிறிய மிஷன் மருத்துவமனையில் வேலை. அடிபட்ட கையையும் விழுந்துபோன கையையும் மறுபடி வேலைக்குப் பழக்குவது என் தொழில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பில் மலையேறி ஜமுனாமரத்தூரில் கேம்ப் நடத்துவோம். பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு நான் ‘கை அம்மா’. ஸ்டெல்லா என்ற பெயர் சம்பளப் பட்டியலிலும் டாக்டர் வாயிலும் மட்டும் இருந்தது.

காளி மலைக்காரர். சாமை விதைக்கிற நிலம் கொஞ்சம், அதன் ஓரத்தில் புளியமரங்கள். பங்குனியில் புளி உலுக்க ஏறியவர் கிளையோடு கீழே வந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, விரல்கள்தான் கூடவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. அந்த இரண்டும் தொடாவிட்டால் சோற்றை அள்ள முடியாது, பொத்தான் போட முடியாது, அரிவாள் பிடி கையில் நிற்காது.

எங்கள் டாக்டர் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். “ஸ்டெல்லா, ஆடி முடியறதுக்குள்ள இந்தக் கட்டைவிரல் வேலை செய்யணும். அதுக்கப்புறம் மூட்டு இறுகிடும். இவ்வளவுதான்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதான்” என்றார்.

“சாப்பாடு எப்படி?” என்று காளியைக் கேட்டேன்.

“பச்சையம்மா ஊட்டுறா” என்றார். பச்சையம்மா அவர் மனைவி. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

2. குழந்தைகள் வார்டிலிருந்து வந்த பெட்டி

மாவு போன பிறகு என்னிடம் மிச்சமிருந்தது துணிக் கிளிப்பும் மணி கோக்கும் நூலும். இரண்டையும் காளியிடம் நீட்டும் தைரியம் எனக்கு இல்லை. அடுத்த அறை குழந்தைகள் வார்டு. அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி நிறைய பொம்மைக் கட்டைகள் கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்று அழுத்திப் பொருத்தி வீடு, வண்டி, பாலம் என்று கட்டுவார்களே, அந்த வகை. யாரோ வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் கொடுத்தது. பெட்டியின் மேலே பாதி கட்டிய லாரி ஒன்று இருந்தது.

காளி வராந்தாவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அந்த லாரியை இடது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டேன்.

“ஒரு சக்கரம் இல்லியே. இத்த இப்படியே ஓட்டுறாங்களா?” என்றார்.

பெட்டிக்குள் துழாவி ஒரு சக்கரத்தை எடுத்துக் கொடுத்தேன். “மாட்டுங்க பாக்கலாம். வலது கையால.”

இந்த இடத்தில் வேலை விஷயம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகளில் சக்கரத்துக்கு நட்டு கிடையாது, ஒட்டும் கிடையாது. ஆக்ஸில் என்பது கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கம்பி. சக்கரத்தின் நடுத்துளையும் அதே வடிவம். அழுத்தித் தள்ளினால் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். வண்டியின் பக்கச் சட்டத்தில் இருப்பது உருண்டைத் துளை, அதனால் ஆக்ஸில் அதற்குள் சுற்றும். சக்கரமும் ஆக்ஸிலும் சேர்ந்தே சுழலும். மாட்டுவண்டிபோல் அச்சு நிற்க, சக்கரம் மட்டும் சுற்றுகிற கதை இங்கே இல்லை. ஆக்ஸில் பக்கவாட்டில் நழுவாமல் இருக்கச் சட்டத்தை ஒட்டி ஒரு சிறிய வளையம் போடுவோம். புஷ் என்று பெயர். அதில்தான் சூட்சுமம். புஷ்ஷைச் சட்டத்தோடு நெருக்கி அழுத்தினால் சக்கரம் பிடித்துக்கொண்டு சுற்றாது. தள்ளி விட்டால் வண்டி ஆடிக்கொண்டே போய்ச் சக்கரத்தை உதிர்க்கும். இடையில் ஒரு நகம் நுழையும் அளவு விடவேண்டும்.

கையைப் பழக்குகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? சக்கரத்தைத் தள்ளக் கட்டைவிரலுக்குப் பலம் வேண்டும். புஷ்ஷைப் பிடிக்க இரண்டு விரல் நுனியும் சேரவேண்டும். அந்த நகம் அளவு இடைவெளியை விரல்தான் உணர்ந்து சொல்லவேண்டும், கண் சொல்லாது. கழற்றுவது மாட்டுவதைவிடக் கஷ்டம். மற்ற ஊழியர்கள் என் அறையைப் பொம்மைக் கடை என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. பலமில்லாத கைக்குப் பழைய சக்கரத்தை முதலில் கொடுங்கள், புதுசு விறைப்பாக இருக்கும். எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள். இறுக்கத்தால்தான் சக்கரம் நிற்கிறது. எண்ணெய் பட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். புஷ்ஷைப் பல்லால் கடித்து இழுக்கும் நோயாளிகள் உண்டு. அவர்கள் வாயைப் பாருங்கள், கையை அப்புறம் பார்க்கலாம்.

காளி அன்று பஸ்ஸை விட்டுவிட்டார். நெற்றி வியர்த்து, உதட்டைக் கடித்து, சக்கரம் மூன்று முறை பெஞ்சுக்கு அடியில் ஓடி, கடைசியில் கோணலாக உட்கார்ந்தது. “உக்காந்துச்சு பாருங்க” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லாரியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். தினமும் சக்கரங்களைக் கழற்றி மறுபடி மாட்டவேண்டும், கேம்புக்கு வரும்போது எடுத்து வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

3. ஊர் வேலை

அடுத்த கேம்புக்குக் காளி லாரியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். சக்கரங்கள் எல்லாம் மாட்டியிருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டாக்டர் லாரியைப் பார்க்கவில்லை. காளியின் விரல்களுக்கு நடுவில் ஒரு காகிதத்தை வைத்து, “விடாம பிடிங்க” என்று சொல்லி மெதுவாக இழுத்தார். காகிதம் காற்றில் வருவதுபோல் வந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு சக்கரத்தில் புஷ்ஷை இறுக்கியிருந்தது, அது சுற்றவே இல்லை. இன்னொன்று தொளதொள. மூன்றாவது உள்பக்கம் வெளியே பார்த்து மாட்டியிருந்தது. நான்காவதில் புளி பிசுபிசுத்தது. ஒரே ஆள் ஒரு வேலையை நான்கு விதமாகத் தவறாகச் செய்யமாட்டார். நாலு சக்கரம், நாலு கை.

கேம்ப் முடிந்ததும் ஜீப்பைக் காளியின் ஊருக்கு விடச் சொன்னேன். காளி லாரியை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு முன்சீட்டில் வந்தார். பத்துப் பதினைந்து வீடுகள். ஜீப்பைப் பார்த்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். காளியின் பக்கத்து நிலத்துக்காரர் வெள்ளையன். ஊரில் பேச வேண்டியதை அவர்தான் பேசுவார்.

“சக்கரத்த யாருங்க மாட்டினது?” என்றேன்.

“நாங்கதாம்மா. முன்னாடி ரெண்டும் எங்க வூட்டு மொற, நா ஒண்ணு, எம் பையன் ஒண்ணு. பின்னாடி சக்கரத்த அவங்க ரெண்டு வூடும் ஆளுக்கொண்ணு மாட்னாங்க. இன்னாம்மா, கொறயா கீதா?” என்றார் வெள்ளையன்.

“காளிதானே மாட்டணும்?”

“அவனுக்குக் கை நோவுது இல்லீங்களா” என்றார் வெள்ளையன், எனக்கு ஏதோ தெரியாததைப் பொறுமையாக விளக்குகிறவர்போல். “அவன் நெலத்துக்கு நாங்கதான் சாமை வெதச்சோம். அவனால முடியலன்னா நாங்க செய்யாம யாரு செய்வா? ஆஸ்பத்திரியில குட்த்த வேலைய முடிச்சித் தராம அனுப்பினா ஊருக்குக் கேவலம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே வழக்கம் அது. ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் அந்த வீட்டு ஏர், விதைப்பு, அறுப்பு எல்லாம் ஊருக்குச் சொந்தம். கூலி கிடையாது, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். நான் கொடுத்தனுப்பிய பயிற்சியையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அடிவாரத்து ஊர்களில் நோயாளி பயிற்சி செய்யாவிட்டால் செய்தேன் என்று பொய் சொல்வார். இங்கே ஊரே சேர்ந்து நிஜமாகவே செய்து வைத்திருந்தது.

“சாமை வெதைக்க அவருக்குப் பதிலா நீங்க போலாம். வெரலுக்குப் பதில் ஆள் கெடையாதுங்க. நீங்க மாட்டினா உங்க வெரலுக்குத்தான் பலம் வரும்” என்றேன்.

அவர்களைச் சும்மா இருக்கச் சொல்வது அவர்களுக்கு அவமானம் என்று எனக்கும் தெரிந்தது.

“அப்ப நாங்க இன்னா பண்றது?” என்றார் வெள்ளையன்.

“வண்டி கட்டுங்க. எத்தன வண்டி வேணாலும் கட்டுங்க. சக்கரத்துல மட்டும் கை வைக்காதீங்க. ஆக்ஸிலும் சக்கரமும் காளி வேலை.”

அடுத்த முறை ஒரு பை கட்டைகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்தது பாருங்கள் வண்டி வண்டியாக. மேலே மூட்டை ஏற்றிய மினிபஸ், டிராக்டர், எங்கள் ஜீப், ஜீப்புக்குள் ஒரு மஞ்சள் கட்டை. அது நானாம். எல்லாம் சக்கரமில்லாமல் காளிக்காகக் காத்திருந்தன. “மெக்கானிக்கு, எங்க வண்டி எப்ப ரெடி?” என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

4. மஞ்சள்

அதற்கடுத்த கேம்பில் வண்டிகளை மேஜையில் வரிசையாக வைத்தார் காளி. ஒவ்வொரு சக்கரமும் ஒரே மாதிரி, நகம் அளவு இடைவெளியோடு உட்கார்ந்திருந்தது. சுண்டினால் நிற்காமல் சுற்றியது. என்னால்கூட அத்தனை சுத்தமாக மாட்ட முடியாது.

நான் டாக்டரைக் கூப்பிடவில்லை. சூடுகண்ட பூனை. காகிதத்தை நானே காளியின் விரல்களில் வைத்து இழுத்தேன். முன்பைவிட ஒரு பொட்டுதான் பிடி கூடியிருந்தது. காளி தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் விரல்களை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நீவி விடும்படி கூட வந்த ஆயாவிடம் சொல்லிவிட்டு ஒரு வண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை புஷ்ஷின் விளிம்பில் மஞ்சள் கறை. வெளியே பெஞ்சில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். என் கடைசித் தங்கை வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இந்தச் சக்கரத்த யாரு மாட்டினது பச்சையம்மா?”

“அவுருதாம்மா.”

“அவரு உங்க வூட்ல மஞ்சள் அரைக்கிறாரா?”

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் எழுந்து போகவில்லை. ஆடி பிறந்துவிட்டது, டாக்டர் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவள் மேல் கோபம்தான். வாய் வரை வந்துவிட்டது.

“எங்க நைனா புளியமரத்துலேர்ந்து உழுந்துதாம்மா போய்ட்டாரு” என்றாள். “நா அப்ப சின்னவ. இவுரு உழுந்தப்ப ஓடிப் போய்ப் பாத்தேன். உசுரு கீது, கைதான் போச்சுன்னாங்க. போனா போவுதுன்னு சாமிக்குத் தேங்கா ஒடச்சேன். கை சரியாயிட்டா மாசில மறுபடியும் ஏறுவாரு. மரத்த உட மாட்டாரு. நா காலம் பூரா ஊட்டியுட்டுக்கினே கெடந்துட்டுப் போறேம்மா. நீங்க இன்னாத்துக்கு இவ்ளோ பாடுபடுறீங்க?”

இத்தனை வருடத்தில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கை குணமாகக் கூடாது என்று ஒருத்தி அன்போடு வேண்டிக்கொள்வாள் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. என் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் தப்பு செய்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா மரத்திலிருந்து விழவில்லை.

“கை சரியாகலன்னா ஏற மாட்டாருன்னு யாரு சொன்னது?” என்று மட்டும் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, “போன வாரம் கூர மேல ஏறினாரு. ஓட்டை அடைக்க. ஒத்தக் கையாலயே” என்றாள்.

“நீ இன்னா பண்ண?”

“கீழ நின்னுக்கினு கத்தினேன்.”

“எறங்கினாரா?”

“அடச்சிட்டுத்தான் எறங்கினாரு.”

சொல்லவேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். அரைக் கையோடு அவர் மரத்தில் நிற்பது அவள் கண்ணில் தெரிந்திருக்கவேண்டும், முகம் வெளிறிப்போனது. என் கையிலிருந்த வண்டியை வாங்கினாள். நான்கு சக்கரங்களையும் புஷ்களையும் பொட்டுப் பொட்டென்று கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். எழுந்துபோய்க் காளியின் முன்னால் கொட்டினாள்.

“மாட்டுங்க” என்றாள். “இங்கியே. நா பாக்கறேன்.”

அன்றிலிருந்து தெரபிஸ்ட் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஊட்டுவதை அன்றே நிறுத்திவிட்டாள். தட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாளாம். பாதிச் சோறு கீழே சிந்தினாலும் கை நீட்ட மாட்டாளாம். காளி என்னிடம் புகார் சொன்னார். “நீங்களாவது பரவால்லம்மா, உக்காரச் சொல்லித் திட்டுவீங்க. இவ திட்டக்கூட மாட்டேன்றா.” ஊர்க்காரர்களும் கட்டிய வண்டிகளைப் பிரித்துப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு வேலை தீரவில்லை.

ஆடி கடைசியில் டாக்டர் காகிதத்தை இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்ததில் காகிதம் கிழிந்தது. டாக்டருக்குச் சந்தோஷம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்தார். பிறகு தானும் ஒரு வண்டியை எடுத்துச் சக்கரம் மாட்டிப் பார்த்தார். காளி அதை வாங்கிச் சுண்டிப் பார்த்து, “டைட்டா கீதுங்க சார்” என்று சொல்லிக் கழற்றி, இடைவெளி விட்டு மாட்டிக் கொடுத்தார். டாக்டரைவிட நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

5. மாசி

பயிற்சி வீட்டில் நடக்கவில்லை என்றால் நோயாளி சோம்பேறி என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம். காளிக்குப் பிறகு நான் அப்படி எழுதவில்லை. இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் யார் உதவுகிறார்கள் என்று கேளுங்கள். அதோடு நிற்காமல், இவர் குணமானால் அந்த வீட்டில் யாருக்கு என்ன பயம் என்றும் கேளுங்கள். எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பதில் வர நேரமாகும். வந்த பிறகும் அந்தப் பயத்தைப் போக்க நம்மால் முடியாமல் போகலாம். பச்சையம்மாவின் பயத்தை நான் போக்கவில்லை.

மாசியில் கேம்புக்குப் போகும் வழியில் அவர்கள் நிலத்தோரம் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். புளியமரங்கள் காய்த்துத் தொங்கின. பெரிய மரத்தடியில் காளி நின்றிருந்தார். இடுப்பில் புதுக் கயிறு. அதன் மறுமுனை மேல் கிளையின் கவைக்குள் புகுந்து பச்சையம்மாவின் கைக்கு இறங்கி வந்திருந்தது. கயிறு கட்டாமல் ஏறக்கூடாது என்பது அவள் சட்டமாம். இடுப்பு முடிச்சை அவரே, வலது கையால், அவள் கண் முன்னால் போடவேண்டும் என்பது இன்னொரு சட்டம். வெள்ளையனும் மற்றவர்களும் கழிகளோடு தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். காளி யாரையும் பார்க்காமல் விரல்களை மட்டும் பார்த்து முடிச்சுப் போட்டார்.

பச்சையம்மா அருகில் வந்து முடிச்சைப் பிடித்தாள். மரத்தில் காலை ஊன்றி, உடம்பு பாரம் முழுவதும் போட்டு இழுத்தாள். நின்றது. இன்னொரு முறை இழுத்தாள். முடிச்சு துளி நழுவியது.

“இன்னிக்குச் சின்ன மரம் மட்டும்” என்றாள்.

காளி என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. கை நல்லாத்தான கீது?”

“என்னப் பொறுத்தவரைக்கும் உங்க கை ஆடியிலயே சரியாயிடுச்சுங்க” என்றேன். “அவளப் பொறுத்தவரைக்கும் எப்படின்னு அவளையே கேளுங்க.”

காளி கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கிளையிலிருந்து உருவி, முதலிலிருந்து முடிச்சுப் போட்டு, சின்ன மரத்தை நோக்கி நடந்தார். கயிற்றை விடாமல் அவளும் பின்னால் போனாள்.